கழுத்துக்குத் தெரிந்தது

வெள்ளவத்தையில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். பதுளைப் பக்கம். கிருதாவைச் சீர்படுத்துவதற்காக என் இடது காதை மடக்கப் பார்த்தான், மடங்கவில்லை. இரண்டு விரலால் மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னாங்கையா இது, சின்ன வயசுல யாரும் அடிச்சிட்டாங்களா?" என்றான்.

"அடிக்கல்ல தம்பி. ரகர் வெளயாண்டது."

கண்ணாடியில் என் உயரத்தையும் தொந்தியையும் ஒருமுறை அளந்தான். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நம்பவில்லை என்று தெரிந்தது.

அவனைக் குறைசொல்ல முடியாது. ரக்பி என்றால் ஆறடி ஆள்கள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. ஆனால் இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தலைகோத்து, பந்துக்காகத் தள்ளும் ஸ்கிரமில் முன்வரிசையின் நடுவில் நிற்பவனுக்கு உயரம் ஒரு தொல்லை. குட்டைக் கழுத்தும் வலுவான இடுப்பும் சுறுசுறுப்பான வலது காலும் போதும். அவன் தலை இரண்டு பக்கமும் எதிரணித் தலைகளோடு உரசிக்கொண்டே இருக்கும். காது மடலுக்குள் இரத்தம் கட்டும். அன்றே ஊசியால் எடுத்துவிட்டால் தப்பியது. விட்டால் அப்படியே இறுகி ஆயுசுக்கும் நிற்கும். நாங்கள் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்குவோம். மழையில் பத்து நிமிடத்துக்குள் டேப் கழுத்துக்கு வந்துவிடும்.

ரகரை நான் முதலில் கண்டது ரதல்லையில். அப்பாவுக்கு லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆபீஸ் கிளாக்கர் வேலை. திம்புள்ள கிளப்பின் மைதானம் ரதல்லையில் இருந்தது. திக்கோயாவிலிருந்தும் ஊவாவிலிருந்தும் வெள்ளைக்காரத் தொரைமார் மோட்டார் சைக்கிளிலும் ஜீப்பிலும் வந்து இறங்குவார்கள். தொரையின் தயவால் அப்பாவுக்குக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்க அனுமதி. குடையும் நானும் கூடவே. மலைச்சரிவில் கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்புகிற பெண்களும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள். பதினாறு தொரைமார் சேற்றில் தலையை முட்டிக்கொண்டு குனிந்து கிடப்பதைப் பார்த்து ஒரு கிழவி அப்பாவிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"கிளாக்கரய்யா, தொரைமாரு என்னாத்த தொலச்சிட்டாங்க? இம்புட்டு நேரமா தேடுறாங்களே."

"பந்தத்தான் ஆத்தா."

"அந்தா கெடக்குதே காலடியில! எடுத்துக் குடுங்களேன்."

அப்பா சிரிக்கவில்லை. அவருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது தொரைமார் பலர் கப்பல் ஏறினார்கள். மலைநாட்டுக் கிளப்புகளின் ரகர் அதோடு மெலிந்து போயிற்று.

ஆனால் கண்டியில் அது பள்ளிக்கூடங்களில் வேர்விட்டிருந்தது. இலங்கையில் பள்ளிக்கூட ரக்பியின் தாய்வீடு கண்டிதான். கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் 1906இலேயே மோதியிருக்கின்றன. நான் படித்தது வேறொரு பள்ளிக்கூடம். போர்டிங்கில் சேர்த்த முதல் வருடமே கோச் சேர் என்னை மேலும் கீழும் பார்த்து, கழுத்தில் கைவைத்து அழுத்திவிட்டு, "ஹூக்கர்" என்றார். விசாரணை அவ்வளவுதான். இடப்பக்க ப்ரொப் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த மலாய்ப் பையன். வலப்பக்கம் கம்பளைச் சிங்களவன். இருவர் தோளிலும் கையைப் போட்டுத் தொங்குவதுதான் என் உத்தியோகம். பந்து உள்ளே வரும்போது வலது காலால் பின்னுக்கு வாரிவிட வேண்டும். எப்போது போடலாம் என்று ஸ்கிரம்-ஹாஃபுக்கு இடது கை விரலால் தட்டிக் காட்டுவேன். எதிரணி போடும் பந்தை நாம் வாரிவிட்டால் அது ஹூக்கருக்குப் பதக்கம். பத்திரிகைக்காரர்கள் அதை எண்ணிக் கணக்குப் போடுவார்கள். இப்போதெல்லாம் ஸ்கிரம்-ஹாஃப் பந்தை நேராகத் தன் ஆட்களின் காலடிக்கே உருட்டிவிடுகிறார். நடுவரும் எங்கேயோ பார்க்கிறார். ஹூக்கருக்குக் கால் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, வந்த விஷயத்துக்கு வருகிறேன். பெனால்ட்டி கிடைத்த அணிக்குப் பல வழிகள் உண்டு. கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாம். வெளியே உதைத்து இடம் பிடிக்கலாம். பந்தைக் காலால் தட்டிவிட்டு ஓடலாம். இல்லையென்றால் ஸ்கிரம் கேட்கலாம். பார்க்கிறவர்களுக்குக் கடைசி வழி வெறும் முரட்டுத்தனமாகத் தெரியும். பலத்தைக் காட்டக் கேட்கிறார்கள் என்று நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கோச் சேர் ஒரு சோடா மூடிப் பையோடு போர்டிங் சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தார். முப்பது மூடி. பதினாறை எடுத்து மேசையின் ஒரு மூலையில் குவித்தார். இரண்டு ஸ்கிரம்-ஹாஃப்களை அதன் அருகில் வைத்தார். மிச்சம் பன்னிரண்டை நீள மேசையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பரப்பினார்.

"ஸ்கிரம் எங்கே நடக்குது?" என்று கேட்டார். ஒருவன் மூலைக் குவியலைத் தொட்டான். சேர் தலையாட்டிவிட்டு மேசையின் வெறுமையான பகுதியை உள்ளங்கையால் தட்டினார். "இங்கே."

எட்டெட்டுப் பேரை ஒரு சிறு இடத்தில் கட்டிப்போட்டுவிட்டால், மைதானத்தின் மிச்ச அகலமெல்லாம் ஆறு பேர் காக்க வேண்டிய வெளியாகிவிடும். வெளியே போன பந்தை உள்ளே எறியும் லைன்அவுட்டில் இப்படி ஆட்களைக் குவிக்க முடியாது. அது நடப்பதும் ஓரக்கோட்டில்தான். நடு மைதானத்தில் ஸ்கிரம் அமைந்தால் இருபக்கமும் புல் கிடைக்கும். எதிரணி பின்வரிசை இரண்டாகப் பிரிந்து நிற்க வேண்டும். இன்னொரு நுணுக்கமும் அந்த மேசையில்தான் கற்றேன். நம் ஸ்கிரம்-ஹாஃப் பந்தை இடப்பக்கமிருந்து போடுவார். அவரைத் துரத்த எதிரணி ஸ்கிரம்-ஹாஃபும் அந்தப் பக்கமே நிற்பார். ஆகவே வலப்பக்கம் அவர்களுக்கு ஓர் ஆள் குறைவு. பின்னால் நிற்கும் நம்பர் எயிட் பந்தைக் கையில் அள்ளி வலப்பக்கமாகக் கிளம்பினால் முதலில் எதிர்ப்படுவது தோளை இன்னும் ஸ்கிரமிலிருந்து பிடுங்காத ஒரு ஃபிளாங்கர் மட்டுமே.

எங்கள் காலத்தில் எதிரணி பேக்ஸ் ஸ்கிரமின் கடைசிக் காலுக்குப் பின்னால் நின்றால் போதும். மூக்குக்கு நேரே நிற்பார்கள். 2008இல் பரீட்சார்த்தமாக வந்து பிறகு நிலைத்துவிட்ட விதிப்படி அவர்கள் இன்னும் ஐந்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். கோச் சேர் இருந்திருந்தால் மேசையை இன்னும் உரக்கத் தட்டியிருப்பார்.

வேறொன்றும் மாறியிருக்கிறது, இளம் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அன்று பெனால்ட்டியை வெளியே உதைத்தால் உள்ளே எறியும் உரிமை எதிரணிக்குப் போய்விடும். முப்பது யார் முன்னேறலாம், பந்து அவர்களுடையது. உதைத்த அணியே எறியலாம் என்ற விதி தொண்ணூறுகளில்தான் வந்தது. பந்தை வைத்துக்கொண்டே ஒழுங்காக ஆட்டத்தைத் தொடங்க வேண்டுமென்றால் ஸ்கிரம்தான் எங்களுக்குக் கதி. மழை நாளில் சொல்லவே வேண்டாம். வழுக்கும் பந்தை உதைக்கவும் முடியாது, எறியவும் முடியாது. ஸ்கிரமில் அது தரையில்தான் கிடக்கும்.

ஸ்கிரமின் உள்ளே என்ன இருக்கும் என்று என் பெண்சாதி ஒருமுறை கேட்டாள். இருட்டு. ஆறு தலைகளுக்கு நடுவே ஒரு சாண் வெளிச்சம், அதில் கொஞ்சம் புல். எதிரே நிற்பவனின் மூச்சு நேராக முகத்தில் அடிக்கும். மத்தியானம் கருவாடா பருப்பா என்று தெரிந்துவிடும். வசவு மூன்று மொழியிலும் நடக்கும். முதுகுக்குப் பின்னால் ஐந்து பேரின் எடை, முன்னால் எட்டுப் பேரின் எடை, இரண்டும் சந்திக்கும் இடம் நம் கழுத்து. இப்போது நடுவர் குனியச் சொல்லி, பிடிக்கச் சொல்லி, அப்புறம்தான் சேரச் சொல்கிறார். 2013 முதல் முட்டுவதற்கு முன்பே ப்ரொப்மார் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டாக வேண்டும். எங்களுக்கு அந்தச் சாங்கியமெல்லாம் இல்லை. ஓரடி தள்ளி நின்று பாய்ந்து மோதுவோம். இன்று 19 வயதுக்குட்பட்டவர்கள் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது. நாங்கள் தள்ளிக்கொண்டே போவோம், விழுந்தால்தான் நிற்பது. இரவில் போர்டிங் முழுக்கச் சித்தாலேப மணக்கும். கடவுள் புண்ணியத்தில் கழுத்து தப்பியது. விதியை மாற்றியவர்களுக்கு நான் நன்றிதான் சொல்வேன்.

மறக்க முடியாத ஸ்கிரம் என்றால் ட்ரை போட்ட எதையும் நான் சொல்ல மாட்டேன். மறக்காதது, வெற்றியிலிருக்கும்போது எங்கள் சொந்தப் பாதியில் கேட்டு வாங்கிய ஒன்று.

அடை மழை. நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. எங்கள் இருபத்தைந்து யார் கோட்டருகே பெனால்ட்டி எங்களுக்கு. வேலிக்கு வெளியே பழைய மாணவர்கள் குடையை ஆட்டி, "டச்சுக்கு அடிடா!" என்று கத்தினார்கள். பார்க்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் காற்று எங்களுக்கு எதிர். எவ்வளவு உதைத்தாலும் இருபது யார்தான் போகும். எறிவது அவர்கள். அன்றைக்கு லைன்அவுட்டில் பந்தையெல்லாம் அவர்களுடைய நெடிய லொக் ஒருவன்தான் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் கெப்டன் ஃப்ளை-ஹாஃப். முகத்தில் சேறு படாதவன். நேரே முன்வரிசைக்கு வந்தான். அவன் கோச்சைப் பார்க்கவில்லை, வேலியையும் பார்க்கவில்லை. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் மூவரையும்தான் பார்த்தான்.

"ஏலுமா மச்சான்?"

இருபக்கமும் திரும்பிப் பார்த்தேன். மலாய்க்காரன் கண்ணைச் சிமிட்டினான். கம்பளைக்காரன் தும்மினான், சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஏலும். ஸ்கிரம் கேளு."

எனக்கு எப்படி அவ்வளவு தைரியம் என்று பின்னால் பலர் கேட்டார்கள். எனக்கு எதிரே இடப்பக்கம் வந்த ப்ரொப் பெரிய வாய்க்காரன். ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஸ்கிரமிலும் என் உயரத்தைப் பற்றியும் என் தோட்டத்தைப் பற்றியும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தான். அதற்கு முந்தின ஸ்கிரமில் அவன் வாயே திறக்கவில்லை. அதோடு, தள்ளும்போது அவன் எடை என் கழுத்தில் நேராக இறங்காமல் விட்டுவிட்டு வந்தது. இதெல்லாம் நின்று பார்க்கிற யாருக்கும் தெரியாது. ஸ்கிரம் கேட்பதா வேண்டாமா என்ற முடிவை வாயால் சொல்பவன் கெப்டன், எடுப்பது குனிந்தபடி எதையும் பார்க்க முடியாத மூன்று பேர். எழுபது யார் அகலத்தில் எங்கே வெளி இருக்கிறது என்று பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியும். அந்த வெளியை விலைகொடுத்து வாங்கும் பலம் கையிருப்பில் இருக்கிறதா என்று எங்களுக்குத்தான் தெரியும்.

போட்டார்கள். வாரினேன். நம்பர் எயிட் பந்தைக் காலடியில் வைத்தபடி நின்றான். மெல்ல மெல்ல நகர்ந்தோம். கடிகாரம் அதன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பொறுமை இழந்து அவர்கள் ஃபிளாங்கர் ஒருவன் முன்னதாகவே சுற்றிவந்து பாய, மறுபடி பெனால்ட்டி, மறுபடி ஸ்கிரம். வேலியில் கூச்சல் எழுந்தது, அதில் பாதி எங்கள் ஆட்களுடையது. விசில் ஊதும்போது பந்து எங்கள் காலடியிலேயே கிடந்தது.

அன்றிரவு பழைய மாணவர் ஒருவர் கோச் சேரிடம் வந்து, காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்று சண்டை பிடித்தார். "ஆட்டம் காட்டுவதென்றால் நாடகசாலைக்குப் போயிருப்பார்கள்" என்று சேர் திரும்பிக்கூடப் பாராமல் சொன்னார்.

2015இல் ஒரு இரவு. உலகக் கிண்ணம். பிரைட்டனில் ஜப்பானும் தென்னாபிரிக்காவும். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். தென்னாபிரிக்கா 32, ஜப்பான் 29. நேரம் முடியும் தறுவாயில் ஜப்பானுக்குப் பெனால்ட்டி. உதைத்தால் சமநிலை. தென்னாபிரிக்காவோடு சமநிலை என்பதே ஜப்பானுக்கு அன்று ஒரு சரித்திரம். கோச் எடி ஜோன்ஸ் மூன்று புள்ளியை எடுக்கத்தான் விரும்பினார். அதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். கெப்டன் மைக்கல் லீச் ஸ்கிரம் கேட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பைத்தியக்காரத் துணிச்சல் என்று மறுநாள் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தென்னாபிரிக்காவின் ப்ரொப் ஊஸ்ட்ஹெய்சன் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்திருந்தார். முன்வரிசைக்காரன் வெளியேறினால் இன்னொரு முன்வரிசைக்காரனை இறக்கியாக வேண்டும். அதற்காக வேறு யாரோ ஒருவர் வெளியே போக வேண்டும். ஸ்கிரமில் எட்டுப் பேரை வைத்தால் பின்வரிசையில் ஓட்டை, பின்வரிசையைக் காத்தால் ஸ்கிரமில் ஓட்டை. அந்த நிலையில் ஸ்கிரம் கேட்பது எதிரணியை அந்த இக்கட்டுக்குள் பிடித்துத் தள்ளுவது. இன்னொன்று, அன்றைய விதிப்படி நேரம் முடிந்தபிறகு பெனால்ட்டியை வெளியே உதைத்தால் ஆட்டமே முடிந்தது, லைன்அவுட் கிடையாது. ஸ்கிரம் எடுத்தால் ஆட்டம் உயிரோடு இருக்கும். ஸ்கிரமிலிருந்து பந்து வந்தது, ஒரு பக்கம் முட்டினார்கள், பிறகு மறுபக்கம் திருப்பினார்கள். மாஃபி கொடுக்க, ஹெஸ்கத் இடது மூலையில் விழுந்து ட்ரை போட்டார். 34-32.

ஒரு வாரம் கழித்து வேல்ஸுக்கு எதிராக இங்கிலாந்தின் கெப்டன் ரொப்ஷோவும் சமநிலையை வேண்டாமென்று சொல்லி மூலைக்கு உதைக்கச் சொன்னார். லைன்அவுட்டில் பந்தைப் பிடித்தவரை அப்படியே கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். 28-25, இங்கிலாந்து தோற்றது. உலகமே ரொப்ஷோவைத் திட்டியது. துணிச்சல் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஓரக்கோட்டில் லைன்அவுட் எடுப்பவனுக்கு ஒரு பக்கத்தில் புல்லே கிடையாது, அந்தக் கோடே எதிரணிக்கு ஒரு ஆள்.

2023 உலகக் கிண்ணக் காலிறுதியில் தென்னாபிரிக்காவின் வில்லம்ஸ பண்ணியதைப் பார்த்தபோது என் மருமகன் டிவியில் ஏதோ கோளாறு என்று நினைத்தான். தன் கோட்டருகே வந்த உயரப் பந்தைப் பிடித்து 'மார்க்' கேட்டார். எவனும் அங்கிருந்து தூர உதைத்துத்தான் தப்புவான். அவர் கையால் சைகை காட்டி ஸ்கிரம் கேட்டார்! பாரிஸ், எதிரே பிரான்ஸ், அவர்கள் சொந்த மைதானம். உதைத்திருந்தால் பந்து பிரான்ஸின் வேகக்காரர்கள் கைக்குத்தான் போயிருக்கும். ஸ்கிரமில் பிரான்ஸின் எட்டுப் பெரிய உடம்புகளையும் குனிய வைத்து மூச்சு வாங்க வைக்கலாம். அந்த மூச்சு கடைசி இருபது நிமிடத்தில் திரும்பி வராது. 29-28 என்று ஒரு புள்ளியில் தப்பினார்கள். அடுத்த வாரம் இங்கிலாந்தையும் கடைசி நிமிடங்களில் ஸ்கிரமில் மடக்கி, அங்கே கிடைத்த பெனால்ட்டியைப் பொல்லார்ட் தூரத்திலிருந்து உதைக்க, 16-15.

அதற்குப் பிறகு 2024இல் விதியை மாற்றிவிட்டார்கள். 'மார்க்' கேட்டவனுக்குக் கிடைப்பது போன்ற ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக இனி ஸ்கிரம் கேட்க முடியாது. பெனால்ட்டிக்கு மட்டும் கேட்கலாம். ஸ்கிரம் சரிந்து சரிந்து மறுபடி அமைப்பதில் நேரம் போகிறது, சனம் சலித்துப் போகிறது என்கிறார்கள். உண்மைதான், நானே டிவியில் அந்த நேரத்தில் தேத்தண்ணி போட எழும்பிப் போவதுண்டு. ஆனாலும் எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. எந்த உடம்புக்கும் இதில் இடமுண்டு என்றுதான் என்னைப் போன்ற குட்டையனையும் கம்பளைப் பையனைப் போன்ற தடியனையும் இந்த ஆட்டத்துக்குள் எடுத்தார்கள். அந்த இடத்தை வருடத்துக்கு ஒரு விரல்கடை குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த வாய்க்கார ப்ரொப்பை இரண்டு வருடத்துக்கு முன் பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண வீட்டில் கண்டேன். தலை முழுக்க வழுக்கை. காதைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொண்டோம், அவனுக்கு இரண்டு காதும் போயிருந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் கதைத்தோம். அந்த மழை ஆட்டத்தைச் சொல்லி, "நீ வாய் மூடியதும் எனக்கு விளங்கிவிட்டது மச்சான், உனக்குக் காற்றுப் போயிற்று என்று" என்றேன்.

"எனக்கா?" அவன் வடையைக் கீழே வைத்தான். "எனக்கு ஒரு கேடும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற லொக் தள்ளுவதை நிறுத்திவிட்டான். லைன்அவுட்டில் குதித்துக் குதித்தே அவனுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. அவனை உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்ததால்தான் உன்னோடு கதைக்க நேரமில்லை."

"இப்போது எங்கே அவன்?"

தலையால் எதிர்ப் பந்தியைக் காட்டினான். நெடிய மனுசன் ஒருவர் பாயாசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சி புருசன். இன்றைக்கும் கேட்டுப் பார், தான் கடைசிவரை தள்ளியதாகத்தான் சாதிப்பான்."